பத்து விநாடி நீலம்

இரவு பதினொன்று பத்துக்கு
'மேம்படுத்து' பொத்தானை அழுத்தினேன்.
ஆதரவு முடியப்போகிறது என்று
ஆறு மாதமாக நச்சரித்தது லினக்ஸ்.
'பிறகு நினைவூட்டு' என்றே தள்ளிக்கொண்டிருந்தேன்,
சம்பளம் கேட்டால் ஜக்கரியா மரைக்காயர்
என்னைத் தள்ளுவதுபோல.

கடலூர் முதுநகர். உப்பனாற்றங்கரை ஐஸ் கம்பெனி.
அமோனியா வாடையில் ஒரு கணினி அறை.
லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினி,
அதற்குள் கிழட்டு விண்டோஸ் எக்ஸ்பி,
அதற்குள் பில் போடும் மென்பொருள்.
எழுதிய பையன் மஸ்கட் போய்ப் பதினாறு வருடம்.
மூலநிரல் அவன் தலையில் இருந்தது.
தலையும் மஸ்கட்டில்.

இரண்டு மணிக்கு மறுதொடக்கம்.
புதுப் படம், புது எழுத்துரு,
கல்யாண வீட்டு வாசல்போல் ஒரு வரவேற்பு.
விர்ச்சுவல் பாக்ஸை மட்டும் தட்டினால்
கெர்னல் டிரைவர் இல்லை என்கிறது.

எக்ஸ்பி உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது.
வட்டுக் கோப்பில் ஒரு பைட் குறையவில்லை.
வீட்டுக்காரர் ராவோடு ராவாகப் பூட்டை மாற்றிவிட்டார்,
குடித்தனக்காரர் உள்ளே தூங்குகிறார்.

லாக் கோப்பு படிப்பது மீன் வாங்குவது மாதிரி.
பளபளப்பை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்க்கவேண்டும்.
நானூறு வரிக்குக் கீழே கிடைத்தது:
புதுக் கெர்னலுக்கு ஹெட்டர் கோப்புகள் இல்லை.
இறக்கினேன். மாட்யூலைக் கட்டச் சொன்னேன்.
கட்டியது.
ஏற்ற மறுத்தது.
கையொப்பம் இல்லாத ஆளை
வாசலிலேயே நிறுத்துகிறது செக்யூர் பூட்.

சாவி செய்து, கையொப்பம் இட்டு,
கடவுச்சொல்லுக்கு மரைக்காயர் பிறந்த தேதியைக் கொடுத்தேன்.
இனி மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வரும்.
பத்து விநாடி நிற்கும்.
அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தவேண்டும்.
வேறொன்றுமில்லை.

"தம்பி, கிரஷர் ஃப்யூஸ் போச்சு."
தேசிங்கு அண்ணன் கதவில்.
"இருங்கண்ணே" சொல்லித் திரும்புவதற்குள்
நீலம் வந்து, நின்று, போயிருந்தது.

மறுபடி சாவி, மறுபடி பிறந்த தேதி.
இந்த முறை மானிட்டர் கண் விழிக்கவே
எட்டு விநாடி எடுத்துக்கொண்டது.
மிச்சம் இரண்டில் என் விரல்
டீ கிளாஸில் இருந்தது.

மூன்றேமுக்கால். வெளியே லாஞ்சுகளின் டீசல் இருமல்.
தேசிங்கு பீடிக்கட்டு அட்டையில்
சீட்டெழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்:
இருபது பார், முப்பத்திரண்டு பார், சரக்குக்குக் குறையில்லை.
ஆனால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது
எக்ஸ்பிக்கு மட்டும்தான் தெரியும்.
அது தெரிந்ததாலோ என்னவோ
அன்றைக்கு எல்லோரும் கடனுக்கே ஏற்றினார்கள்.

மூன்றாம் முறை மூச்சுவிடவில்லை.
மானிட்டரை நம்பவில்லை.
கறுப்பிலேயே ஸ்பேஸ் பாரைத் தட்டினேன், தட்டினேன்,
குருட்டுக் கொக்கு குளத்தைக் கொத்துவதுபோல.
நீலம் பிடிபட்டது.
சாவியைச் சேர். ஆம். பிறந்த தேதி.
மாட்யூல் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தது.
மெஷின் நல்லபடியாக ஓடும்போது
அது எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு பயம் பாக்கி இருந்தது.
நேற்றிரவு எக்ஸ்பியை நான் அணைக்கவில்லை,
பாதி வேலையில் அப்படியே உறைய வைத்திருந்தேன்.
உறைய வைப்பது இந்தக் கம்பெனியில் யாராலும் முடியும்.
உடையாமல் எடுப்பதுதான் கஷ்டம்.

எழுந்தது.
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
'அந்தோணிய' என்று நேற்று நான் விட்ட இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
'ம்மாள் விசைப்படகு, 40 பார்' என்று அடித்தேன்.
டாட் மேட்ரிக்ஸ் கிறீச்சிட்டது.

தேசிங்கு சீட்டை விளக்கில் பிடித்தார்.
"நேத்துத் தேதி போட்டிருக்கே?"

அது இன்னும் பதினொன்று ஒன்பதிலேயே இருந்தது.
பேனா எடுத்து நேற்றை அடித்து
இன்றை எழுதினேன்.
அவர் கையிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீரில்
இரண்டும் கலங்கின.
"பரவால்ல, படிக்கலாம்" என்று போனார்.
ஃப்யூஸ் இன்னும் போடவில்லை.